அலுவலக விக்கியும் ஒரு பழிச்சொல்லும்

“நம்ம ஆளுங்க எழுத மாட்டாங்க சார்.” நூலகத்திலோ அலுவலகத்திலோ ஊழியர்களுக்கென்று ஒரு விக்கியைத் தொடங்கி, கொஞ்ச காலத்தில் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். இதற்குப் படித்த வடிவமும் உண்டு. அறிவுதான் அதிகாரம், தெரிந்ததை வெளியே சொல்லிவிட்டால் தன் மதிப்பு போய்விடும் என்று ஊழியர் அஞ்சுகிறார், ஆகவே முதலில் ‘பகிர்வுப் பண்பாட்டை’ வளர்க்க வேண்டும் என்பார்கள் மேலாண்மை ஆலோசகர்கள். நம் ஊரில் இதோடு ஒரு மரபுச் சான்றையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்: மூலிகையின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல் செத்துப்போன வைத்தியர்களின் வாரிசுகள்தானே நாம்! நோய் இன்னதென்று முடிவாகிவிட்டதால் மருந்தும் தயாராக இருக்கிறது. பயிலரங்கு, பரிசு, அதிகம் எழுதியவருக்குச் சான்றிதழ். எதுவும் பலிக்காவிட்டால் மாதத்துக்கு இத்தனை பக்கம் எழுதியாக வேண்டும் என்றொரு சுற்றறிக்கை. நோயைக் கண்டுபிடித்த விதமே தவறு என்கிறேன். விக்கி பாழான இடங்களை உற்றுப் பார்த்தால், அதை வேலைக்கு வெளியே ஒரு கூடுதல் சுமையாக வைத்த நிர்வாகத்தின் ஏற்பாட்டில்தான் குறை தெரிகிறது. ஊழியரின் மனத்தைக் குற்றம் சொல்வது அந்த ஏற்பாட்டைத் திருத்தாமல் தப்பிக்கும் வழி.

விக்கி என்றதும் நமக்கு விக்கிப்பீடியா நினைவுக்கு வருவதால், அது பொழுதுபோகாத தன்னார்வலர்களின் கருவி என்ற எண்ணம் படிந்துவிட்டது. உண்மையில் அது தொழிற்கூடத்தில் பிறந்தது. 1995 மார்ச்சில் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றியபோது அவர் கலைக்களஞ்சியம் எதையும் நினைக்கவில்லை. மென்பொருள் எழுதும் சக தொழிலாளர்கள், ஒரே சிக்கலைத் தாங்கள் தீர்த்த வகைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. பக்கத்தைப் படிப்பவரே அதைத் திருத்தலாம், இல்லாத பக்கத்துக்கும் முன்கூட்டியே இணைப்புக் கொடுக்கலாம் என்ற இரண்டு வசதிகளும் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. கலைக்களஞ்சியம் ஆறு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த உறவு.

அந்தக் கலைக்களஞ்சியத்தின் முன்கதை, பழிச்சொல்லுக்கு எதிரான முதல் சாட்சி. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000-இல் தொடங்கியது விக்கிப்பீடியா அல்ல, நூப்பீடியா. துறை வல்லுநர்கள் எழுதுவார்கள், ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டிய பிறகே கட்டுரை வெளியாகும். இணையம் இருந்தது, ஆள் இருந்தார்கள், ஆர்வமும் இருந்தது. 2003-இல் இழுத்து மூடும்வரை முடித்துக் காட்டிய கட்டுரைகள் இரண்டு டஜன் அளவுதான். அந்தத் திட்டத்துக்குத் துணையாக, வரைவுகளைப் போட்டுவைக்க ஓர் இடம் என்ற எண்ணத்தில் 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கியில் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்தன. ஒரே ஆண்டு இடைவெளியில் மனித குலத்தின் பகிர்வுப் பண்பாடு வளர்ந்துவிடவில்லை. எழுதுவதற்கும் வெளியாவதற்கும் நடுவே நின்ற ஏழு படிகள் போயின, அவ்வளவுதான். நம்மவர்களைப் பற்றிய புலம்பலுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும், சம்பளம் ஏதுமின்றி, பெரும்பாலும் தொழில்முறை எழுத்தாளர் அல்லாதவர்கள் எழுதியவை அவை. மூலிகை ரகசியத்தின் வாரிசுகள் என்றால் இவர்கள் யார்?

இதற்கு ஒரு கெட்டியான மறுமொழி உண்டு. உலகம் முழுவதையும் கூப்பிட்டால் எழுதுகிற நாலு பேர் கிடைப்பார்கள், முப்பது பேர் வேலை செய்யும் நூலகத்தில் எப்படிக் கிடைப்பார்கள் என்பார்கள். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெறுமனே படிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுகிறவர் என்று ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்ன கணக்கு இங்கே அடிக்கடி மேற்கோளாகும். முப்பதில் ஒரு சதவீதம் ஒரு முழு ஆள்கூட இல்லை! கணக்கு சரி. ஆனால் அது ஓய்வு நேரத்தில் விரும்பி வருபவர்களைப் பற்றிய கணக்கு. அலுவலகத்தில் எழுதுவது சம்பளத்துக்கான வேலையின் ஒரு பகுதி. நம் அலுவலகங்கள் எழுத்திலேயே நடப்பவை என்பதை எப்படி மறந்தோம்? மதராஸ் மாகாணக் காலத்திலிருந்து வருகிற டாட்டன்ஹாம் அலுவலக நடைமுறையில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு, கூடவே ஒரு ஸ்டாக் ஃபைலும் உண்டு. தன் இருக்கைக்குரிய பொருளில் வந்த அரசாணைகள், விளக்கக் கடிதங்கள், பின்னால் தேவைப்படக்கூடிய உத்தரவுகள் ஆகியவற்றின் நகலை அந்த எழுத்தர் பொருள்வாரியாக அதில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மாறுதலாகிப் போகும்போது அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். நல்ல ஸ்டாக் ஃபைல் உள்ள இருக்கைக்கு வந்தவர் ஒரே வாரத்தில் தேறிவிடுவார் என்பது அலுவலகம் அறிந்த செய்தி. நூலகங்களிலும் இதன் இணை உண்டு. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை அட்டைகளில் எழுதி, பார்வைப் பிரிவு மேசைக்குப் பின்னே ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். விடையைத் தேடி அலைந்தவர் எழுதிவைப்பார், அடுத்த முறை இன்னொருவர் அலைய வேண்டாம். இதற்கெல்லாம் எவரும் பண்பாட்டுப் பயிலரங்கு நடத்தவில்லை. இவற்றின் குறை வேறு: பூட்டிய அலமாரிக்குள் இருக்கிற ஸ்டாக் ஃபைல் அந்த ஓர் இருக்கைக்குத்தான் உதவும், பக்கத்து மாவட்டத்தில் அதே வேலையைப் பார்ப்பவருக்கு அது இருப்பதே தெரியாது. அந்தக் குறையைத்தான் விக்கி தீர்க்கிறது.

பதுக்கல் மனோபாவம் என்ற குற்றச்சாட்டை நெருங்கிச் சோதித்த இடம் ஜெராக்ஸ் நிறுவனம். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களோடு மானுடவியலாளர் ஜூலியன் ஓர் 1980-களில் சுற்றித் திரிந்தார். அவர் கண்டது 1996-இல் புத்தகமாக வந்தது. நிறுவனம் அவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டிக் கையேடு கொடுத்திருந்தது. இந்த அறிகுறி தெரிந்தால் இதைச் சோதி, ஆம் என்றால் அந்தப் பக்கம் போ, இல்லை என்றால் இந்தப் பக்கம் போ. இயந்திரமோ கையேட்டைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லை. ஈரப்பதம், வாங்கியவரின் பயன்பாட்டு முறை, முன்பு செய்த ஒரு சின்ன மாற்றம் என்று எதையோ காரணமாக வைத்துப் புதுவிதமாக மக்கர் செய்யும். அப்படிப்பட்ட பழுதுகளுக்கான தீர்வு தொழிலாளர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்ளும் கதைகளில் இருந்தது. எவரும் எதையும் ஒளிக்கவில்லை. ஒருவர் திணறிய இயந்திரத்தின் கதையை மற்றவர் ஆவலோடு கேட்டார், தன் கதையைச் சேர்த்தார். நிர்வாகத்தின் கண்ணுக்கு அது வெட்டிப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு எழுத்தில் இடம் கொடுத்த முயற்சிதான் யுரேகா. முதலில் பிரான்சில் வேரூன்றிப் பின்னர் மற்ற நாடுகளுக்குப் பரவிய அந்தக் குறிப்புத் தளத்தில் தொழிலாளர்களே எழுதினார்கள், எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது அவர்கள் அதை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கைதான் பெருகும், தரம் போய்விடும் என்ற கவலை. சக தொழிலாளர் பாராட்டுவது போதும் என்றார்கள். ஊக்கத்தொகை இல்லாமல் எவரும் எழுதமாட்டார் என்று இன்னமும் திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

யுரேகாவிலும் வெளியிடும் முன் சரிபார்ப்பு இருந்ததே என்று எதிர்த்தரப்பு கேட்கும். இருந்தது. சரிபார்த்தவர்களும் அந்த இயந்திரத்தைக் கையால் கழற்றி மாட்டுகிறவர்கள்தான் என்பதே வேறுபாடு. குறிப்பு பலிக்கிறதா என்று மட்டுமே அவர்கள் பார்த்தார்கள். நம் நூலக விக்கிகளில் நடப்பதோ கண்காணிப்பாளர் பார்த்து, அவருக்கு மேலே ஒருவர் பார்த்து, ‘அமைப்பின் பெயருக்கு உகந்ததா’ என்று யோசித்து, மூன்று வாரம் கழித்து வரும் அனுமதி. வரிசையில் நிற்கும் வாசகருக்கு இன்று விடை சொல்ல வேண்டிய ஊழியர் அந்த மூன்று வாரத்துக்குள் விடையைப் பக்கத்து மேசைக்காரரிடம் வாயால் சொல்லி முடித்திருப்பார். அறிவு பகிரப்பட்டுத்தான் இருக்கிறது, விக்கியின் வழியாகப் பகிரப்படவில்லை.

விக்கிக்கு எதிரான சூழலில் மிகக் கடுமையானதென்று உளவுத் துறையைச் சொல்லலாம். ரகசியம் காப்பதே அங்கே தொழில். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன் அமெரிக்க உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டை 2004-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை விரிவாகச் சொன்னது. அதே காலத்தில் சி.ஐ.ஏ.வைச் சேர்ந்த கால்வின் ஆண்ட்ரஸ், உளவு அமைப்புகளுக்கு விக்கியே பொருத்தமான கருவி என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2006-இல் இன்டெலிப்பீடியா முறைப்படி அறிவிக்கப்பட்டது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள்தான். ரகசியத் தரத்துக்கேற்ப மூன்று தனித்தனி வலைகளில் மூன்று விக்கிகள். பெயரில்லாமல் எவரும் எழுத முடியாது. நன்றாகப் பராமரித்தவர்களுக்கு விளையாட்டாக ஒரு குட்டி மண்வெட்டியைப் பரிசளித்தார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தன. ரகசியத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதினார்கள் என்றால் புத்தகம் இரவல் கொடுக்கிறவர்கள் எழுதமாட்டார்கள் என்று எப்படி நம்புவது? அதன் தேக்கமும் பாடம்தான். ஒவ்வொரு அமைப்பின் அதிகாரபூர்வமான அறிக்கையும் பழைய வழியிலேயே, அந்தந்த அமைப்பின் முத்திரையோடு, மேலதிகாரிகளின் அடுக்கைத் தாண்டியே வெளிவந்தது. விக்கி துணைக் குறிப்பாகவே நின்றது. ஆகவே ஒரே செய்தியை ஆய்வாளர் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. ஒன்று பதவி உயர்வுக்குக் கணக்காகும், மற்றது ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் எழுதாமல் இருப்பது பதுக்கல் ஆகாது, நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வது.

நம் விக்கிகள் சாகும் விதமும் இதே. முதல் பக்கத்தில் வரவேற்புரை, இயக்குநரின் வாழ்த்து, ‘நூற்பட்டியல் பிரிவு’, ‘பருவ இதழ்ப் பிரிவு’, ‘சிறுவர் பிரிவு’ என்று தலைப்புகள். உள்ளே போனால் ‘விரைவில்’. ஓர் ஆர்வக்கார இளம் நூலகர் மட்டும் கடன் பிரிவுப் பக்கத்தை ஒழுங்காக எழுதியிருப்பார்: உறுப்பினர் அட்டை தொலைந்தால் என்ன செய்ய வேண்டும், தாமதக் கட்டணம் எவ்வளவு, மென்பொருளில் எந்தத் திரையில் அதைப் பதிய வேண்டும். சில மாதம் கழித்துக் கட்டணம் மாறும். மாற்றம் விக்கியில் வராது. கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப் சுற்றறிக்கையாக வாட்ஸ்அப்பில் வரும். விக்கியில் பழைய கட்டணம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துப் பணம் வாங்கிய ஒருவர் மேலிடத்தில் திட்டு வாங்குவார். விக்கியை நம்பக் கூடாது என்று அன்று மாலைக்குள் மொத்தப் பிரிவும் கற்றுக்கொண்டுவிடும். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? ஊழியர்கள் சான்றைப் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தன் கடைசிச் சொல்லை வேறோர் இடத்தில் சொல்லிக்கொண்டு, உங்கள் சொல்லை மட்டும் இங்கே எழுதுங்கள் என்று நிர்வாகம் கேட்டால் எழுத எவருக்குத்தான் மனம் வரும்?

நம்பகம் பற்றிய கேள்வியை இதோடு சேர்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் அனுமதி அடுக்குகள் எல்லாம் அதன் பெயரால்தான் கட்டப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் யாரை நம்புவது? 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் விக்கிப்பீடியாவில் மாதக்கணக்கில் கிடந்தது. அதே ஆண்டு இறுதியில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்றும் தேறின. பிரிட்டானிக்கா அந்த ஆய்வு முறையையே கடுமையாக மறுத்தது. இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் அலுவலக விக்கிக்கு அதில் வேலையில்லை. சீகன்தாலர் பக்கத்தில் எழுதியவர் முகமற்றவர். அலுவலகத்தில் எழுதுகிறவர் தன் பெயரில் உள்நுழைந்து எழுதுகிறார், நாளை காலை அவரைக் கேண்டீனில் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்று பக்க வரலாறு வைத்திருக்கிறது. பழைய வடிவத்தை ஒரே சொடுக்கில் மீட்கலாம். அரசுக் கோப்பின் குறிப்புப் பகுதியில் பத்தி எண் போட்டு, கையொப்பமும் தேதியும் இட்டு எழுதுகிறோமே, அதன் ஒழுக்கம் இதில் இருக்கிறது. பொதுக் கணினியில் கிடக்கும் ‘கட்டண விவரம் புதியது’, ‘கட்டண விவரம் புதியது 2’, ‘கட்டண விவரம் இறுதி’ என்ற வேர்டு கோப்புகளில் அது இல்லை. ஆனால் நம்பகம் குறித்துக் கவலைப்படுகிற எவரும் அந்தக் கோப்புகளைத் தடைசெய்து நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லா விக்கியும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை; அது வேலைக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கொரு சான்று உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த இழப்பின் நிழலில், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் எழுத்தை மின்வடிவில் சேர்த்து வருகிறது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அதில் உள்ளன. அதன் இணையத்தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று நிரலாக வரும். கீழே வாசிப்பதற்கான இணைப்பு இருக்கும். பார்ப்பதற்கு ஒரு நூற்பட்டியல் அட்டை, அடியில் விக்கிப் பக்கம். அங்கே விக்கி துணைக் குறிப்பு ஆகவில்லை, பட்டியலே அதுதான். ஆவணம் வந்து சேர்ந்தது என்பதற்குப் பொருள் அதன் பக்கம் உருவானது என்பதே. எழுதினால்தான் வேலை முடியும் என்ற நிலையில் எவரையும் எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

எழுத்தில் அடங்காத அறிவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லத் தெரிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்பதை மைக்கேல் பொலானி 1960-களிலேயே விளக்கிவிட்டார். ஓலைச்சுவடியை நொறுங்காமல் புரட்டும் பதத்தை எந்தப் பக்கமும் கற்றுத்தராது. அந்தப் பதம் யாருடைய கையில் இருக்கிறது, எந்தச் சுவடிக்கு எந்த எண்ணெய் பூசினார்கள், எப்போது பூசினார்கள் என்பதை எழுதலாம். ஓய்வுபெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் போட்டு அனுப்பிவிட்டு, மறுவாரம் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. பழைய பக்கம் தவறாக வழிகாட்டும் என்பதும் நியாயமான அச்சம். ஒன்றுமில்லாத இடத்தைவிடப் பழசான பக்கம் ஆபத்தானது. அதற்காகத்தான் பக்கத்தை அந்த வேலையைப் பார்க்கும் இருக்கையோடு கட்ட வேண்டும் என்கிறேன். ஸ்டாக் ஃபைல் அந்த இருக்கையின் பொறுப்பாக இருந்தது போலவே, ஆள் மாறினாலும் பக்கத்தின் பொறுப்பு இருக்கையோடு நிற்கும்.

வாட்ஸ்அப் குழு போதுமே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. நேற்றுச் சேர்ந்தவருக்கு அதில் பழைய உரையாடல் தானாக வந்து சேர்வதில்லை, சேர்ந்தாலும் காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே விடை எங்கே கிடக்கிறதென்று தெரியாது, சொந்தக் கைபேசியோடு ஊழியர் போனால் அவரிடம் சேர்ந்திருந்ததும் அதோடு போகும். செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது விக்கி எதற்கு என்பது இன்றைய புதிய கேள்வி. உங்கள் நூலகத்தில் நன்கொடைப் புத்தகத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் அந்த இயந்திரமும் ஊகித்துத்தான் சொல்லும். ஊகத்தை அழகான வாக்கியத்தில் சொல்லும் என்பதுதான் அதன் ஆபத்து.

கடைசியாக எஞ்சுவது பொறுப்பு பற்றிய கேள்வி. ஓர் ஊழியர் எழுதிய பக்கத்தை நம்பி இன்னொருவர் தவறான கட்டணம் வாங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? இன்றைக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன வழிமுறைக்குச் சாட்சி கிடையாது, ஆகவே கடைசியில் மேசையில் உட்கார்ந்திருந்தவர் தலையில் விடியும். விக்கிப் பக்கத்தில் தவறு நடந்தால் அது எந்தத் திருத்தத்தில் நுழைந்தது என்று தெரியும். கண்டவர் அங்கேயே சரிசெய்துவிடுவார், அதுவும் பதிவாகும். அனுமதி அடுக்குகளை விட மனமில்லாதவர்களின் தயக்கத்துக்கு இங்கே ஒரு காரணம் இருக்கலாமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. தலைமை தன் சுற்றறிக்கைகளை நிறுத்திவிட்டு விதியை நேரடியாகப் பக்கத்தில் எழுதத் தொடங்கினால், பிரிவு எழுத்தரின் திருத்தத்தோடு அவர்களுடைய திருத்தமும் வரலாற்றில் ஏறும். திங்கட்கிழமை ஒன்று சொல்லி, புதன்கிழமை மாற்றி, வெள்ளிக்கிழமை பழையபடியே செய்யச் சொன்னது யார் என்பது பெயரோடும் மணியோடும் தெரியும், முப்பது பேருக்கும் தெரியும்.